அரசியின் நெற்றி

பூங்கோதை சித்திரக்கதையைக் கையால் வரைந்து திரையில் ஏற்றினால் போதும். மறைந்த கணவன் சேந்தனின் கைப்பழக்கத்தை எல்லாம் கற்றுவைத்திருந்த செயலி, அவனைப் போலவே வண்ணம் தீட்டிவிடும். இன்றும் மாலை வானம் அவனுடைய அதே காவி நிறத்தில் எழுந்தது. ஆனால், போரில் கணவனை இழந்து அழும் அரசியின் நெற்றியில் குங்குமப் பொட்டு!

பூங்கோதைக்குப் பொட்டு வரைய எப்போதும் மறந்துவிடும். "உன் பொண்ணுங்களுக்கெல்லாம் நான்தான் பொட்டு வெச்சு அனுப்பணுமா?" என்று கேலி செய்தபடி சேந்தன்தான் வைப்பான்.

"அழிச்சிடும்மா," என்றாள் மகள் நிறைமதி. "ஒரு தடவை திருத்தினா பழகிக்கும். அப்புறம் யாருக்கும் வைக்காது."

"யாருக்குமேவா?"

"ஆமாம்மா. சீக்கிரம், பத்திரிகைல பக்கத்துக்குக் காத்துட்டிருக்காங்க."

பூங்கோதையின் விரல் அழிப்பான்மேல் போய் நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு மின்பேனாவை எடுத்தாள். அரசியின் வலக்கையை உயர்த்தி, உள்ளங்கை நெற்றியை முழுதாக மூடும்படி வரைந்தாள். செயலி அந்தக் கைக்கு மட்டும் நிறம் பூசியது.

"பொட்டு போயிடுச்சா?" என்று எட்டிப் பார்த்தாள் மகள்.

"கைக்கு அடியில இருக்கு," என்றாள் பூங்கோதை.