இரண்டு தட்டு

கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே மாலை வெயில் டிப்போவின் வெறும் தரையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. சரக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த காலத்தில் அது தரையைத் தொட்டதே இல்லை. அண்ணனும் தம்பியும் நடத்திய கம்பெனியின் கடைசி லாரி வாசலைப் பார்த்து உறுமிக்கொண்டு நிற்கிறது. அதை வாங்கியவரின் தூரத்து ஊருக்கு, வண்டியோடு டிரைவராகவே போகிறார் அண்ணன். எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றவர் தம்பி. அன்று நின்ற பேச்சு. இன்றுதான் அண்ணன் வாயைத் திறக்கிறார், அதுவும் ஸ்டீயரிங்கைப் பார்த்து. "கேட் பூட்டையும் சேத்து வித்துட்டியா?" "இல்லண்ணே, பூட்டு நம்மளதுதான்." "பரவாயில்ல. ஆளுக்குப் பாதியா அறுத்துக்குவோம்." மீசைக்கடியில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போகிறது. போகாதண்ணே, இறங்கிடு என்று சொல்லத் தம்பி வாய் திறப்பதற்குள் லாரி நகர்கிறது. இனிச் சொன்னாலும் இஞ்சின் சத்தத்தில் கேட்காது. அதனால்தான் இங்கே எப்போதும் கைதான் பேசும். பின்பலகையில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. தம்பி ஓடிப்போய் ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார். இத்தனை காலம் வண்டிகளை அனுப்பியே பழகிய கை, அவரைக் கேளாமல் இன்னொரு முறையும் தட்டிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே அண்ணனின் கை நீண்டு, சரி என்பதுபோல் ஒருமுறை அசைகிறது. லாரி வாசலைத் தாண்டி வேகமெடுக்கிறது. தம்பி உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். அதில் கொஞ்சம் புழுதி. கம்பெனிப் பெயரிலிருந்து உதிர்ந்த மஞ்சள் பெயிண்ட்.