சொல்லிக்கொடுத்தவர்

கான்பூர் வியாபாரி வாயைத் திறந்தாலே பிரபாகரனுக்கு உடம்பு கூசும். போன வருஷம் அவர் கடையில் இந்தி தெரியாமல் ஊமை மாதிரி நின்றதும், வேலையாட்கள்கூடச் சிரித்ததும் இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தடவை அவரே பட்டாசு ஆர்டர் கொடுக்க நாரணாபுரத்தில் பிரபாகரனின் ஆலைக்கு வந்திருந்தார்.

பிரபாகரன் மகள் சினேகாவை முன்னால் நிறுத்தினார். ஆறாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், டியூஷனில் இந்தி.

பிள்ளை இந்தியில் பொளந்து கட்டியது. வியாபாரி மலர்ந்துபோய் ஏதோ கேட்டார்.

"எங்க ஊருப் பிள்ள மாதிரியே பேசுறியே, யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு கேக்காருப்பா."

பிரபாகரன் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் நம்ம ஏற்பாடுதான்னு சொல்லு."

சினேகா சொன்னாள். பெட்டி ஒட்டும் ஷெட்டைக் கைகாட்டி, கூட இன்னும் கொஞ்சம் சொன்னாள். பிரபாகரன் எல்லாம் புரிந்தவர்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

வியாபாரி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொன்ன?"

"டியூஷன்ல எழுத்து மட்டுந்தாம்ப்பா. பேச்சு பூராம் பிங்கி சொல்லிக்குடுத்தது. நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கேன். இருங்க, கூட்டியாரேன்."

வேண்டாம் என்று சொல்ல பிரபாகரனுக்குத் தமிழ்கூட வரவில்லை.

பீகாரிலிருந்து அம்மாவோடு வேலைக்கு வந்த பிங்கி, சினேகாவின் தோள் உயரம்தான் இருந்தாள். வெளியாளைப் பார்த்ததும் விறைப்பாக நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிசிறில்லாத தமிழில் அவளே சொன்னாள்.

"எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சுங்கய்யா."

சினேகாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ பிள்ள, உனக்குப் பத்துதான? யாரு உனக்கு இப்பிடித் தப்பாச் சொல்லிக்குடுத்தது?"

கான்பூரில் பட்டது வெட்கமே இல்லை என்று பிரபாகரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வியாபாரி எழுந்து போனால்கூடப் பரவாயில்லை. மகள் மட்டும் இங்கே நிற்க வேண்டாம் என்றிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிங்கி, பசை காய்ந்த விரலை நீட்டினாள்.

சினேகா சிரித்துக்கொண்டே அந்த விரல் காட்டிய பக்கம் திரும்பினாள்.