இனி மெஷின் வேண்டாம்

பாப்பாயி அக்காவின் வீட்டு மாடிப்படி ஏறும்போது பர்னபாஸின் வாயில் ஏதோ ஒரு பாட்டு வந்தது. பாடி எத்தனையோ நாளாகியிருந்தது.

இனி மெஷின் வேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று காலையில் அவளே பாங்க்குக்கு போன் பண்ணியிருந்தாள்.

அதைச் சொல்லும்போது மேனேஜர் மாதேவி மேடத்துக்குக் குரல் தழுதழுத்தது. ஆள் பிழைத்து, ஆக்சிஜன் மெஷின் பாங்க்குக்குத் திரும்புவது இதுதான் முதல் தடவை. மற்ற வீடுகளிலிருந்து அது திரும்பி வந்ததைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

மண்டி மொஹல்லாவில் ஒரு சின்னக் கூட்டுறவு பாங்க் அது. பர்னபாஸ் அங்கே பிக்மி வசூல்காரன். கடை கடையாக ஏறி இறங்கி, அன்றாடம் சேர்க்கிற சேமிப்பை வாங்கி வருவது அவன் வேலை. கொரோனா இரண்டாவது முறை வந்தபோது கடைகளெல்லாம் மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்கவில்லை. பாங்க்காரர்கள் கூடிப் பேசி, தங்கள் வாடிக்கையாளர் வீடுகளுக்கென்று சில மெஷின்களை வாங்கினார்கள். எந்தச் சந்தில் யார் வீடு என்பது பர்னபாஸுக்குத்தான் தெரியும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் மெஷினை நிறுத்தி, முழங்காலால் அணைத்தபடி அவனே கொண்டுபோனான். அவனே எடுத்தும் வந்தான்.

பாப்பாயியின் புருஷன் லிங்கப்பன் கோணிப்பை வியாபாரி. ராமாபுரத்துக்காரர். சாயங்காலம் பர்னபாஸ் கடைக்குள் நுழைந்தால் டீ குடிக்க வைக்காமல் விடமாட்டார். “உக்காருங்க, ஓடிப்போயி எந்தக் கோட்டையப் புடிக்கப் போறீங்க” என்பார்.

போன வாரம் மெஷினைக் கொண்டுவந்தபோது பர்னபாஸ் வாசலில் நின்றபடியே அவரைப் பார்த்தான். வீட்டுக்குள் போகக் கூடாது என்பது பாங்க்கின் கட்டளை. கட்டிலில் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட, அவர் அவனைக் கண்டதும் மனைவியைப் பார்த்து டீ போடச் சொல்லிச் சைகை காட்டினார்.

இன்றைக்கு மெஷின் வாசலிலேயே இருந்தது. நன்றாகத் துடைத்து, குழாயைச் சுருட்டிக் கட்டியிருந்தாள்.

கதவை ஒட்டி பாப்பாயி நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் வீங்கியிருந்தன. ஒரு வாரம் தூங்காத கண்கள், பின்னே எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டான்.

“இப்ப மூச்சு வாங்கறதில்லீங்க தம்பி.”

“ஸ்தோத்திரம்” என்றான் பர்னபாஸ். அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

அதற்குள் போன் அடித்தது. மாதேவி மேடம். காந்தி நகரில் ஒரு டீச்சர், கைக்குழந்தைக்காரி, மூச்சுக்குத் தவிக்கிறாள், நேராக அங்கே கொண்டுபோய்விடு என்று கன்னடத்தில் கத்தினார். மாடிப்படி முழுக்கக் கேட்டது.

ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன் என்று பர்னபாஸ் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கப்போனான். பாப்பாயி கதவை இழுத்துச் சாத்தினாள். குனிந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். விடுங்க அக்கா, நான் பார்த்துக்கறேன் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. குறுகலான படியில் இரண்டு பேருமாக அதை இறக்கினார்கள்.

சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. முனையில் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

ஸ்கூட்டரைக் கிளப்பப் போனபோது பாப்பாயி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, அங்க குடுத்துப்போட்டு இங்க ஒருக்கா வருவீங்களா?”

“எதுக்குக்கா?”

“வண்டி சந்துக்குள்ள வராதாமுங்க. முனை வரைக்கும் நாமதான் தூக்கிட்டு வரோணுமாம். நானொருத்திதான இருக்கறேன்.”

பர்னபாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வண்டி, எதைத் தூக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தான். அவள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள்.

அவனும் மாடியைப் பார்த்தான்.

“விடியக்காலமே போயிட்டாருங்க. பையன் பெங்களூர்ல காய்ச்சலாக் கெடக்கறான். அக்கம்பக்கம் கூப்புட்டேன், கதவத் தொறக்கல. மெஷினுக்காச்சும் நீங்க வருவீங்கன்னுதான் பாங்க்குக்குப் போன் பண்ணுனேன்.”

பர்னபாஸ் ஸ்கூட்டரிலிருந்து காலை இறக்கினான். அவள் தலையை ஆட்டினாள். மெஷின் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

“மொதல்ல அந்தப் புள்ளகிட்ட போங்க. அவரு இருப்பாருங்க.”

வந்துவிடுகிறேன் என்று அவன் தலையை அசைத்தான்.

மூங்கிலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கூட்டரை நுழைக்கும்போது திரும்பிப் பார்த்தான். பாப்பாயி மாடிக்குப் போகவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து, அவன் வரப்போகும் வழியைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.