அண்ணன் பெயரில் ஒரு புல்வெளி

"ஐயா காலமாகி எத்தனை வருஷம் இருக்கும்?"

வாசலில் நின்றவர் கேட்ட கேள்வியில் பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபத்தாறு வயதில் பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

"எந்த ஐயா?"

"பாலம் கட்டின பொறியாளர் ஐயா. நான் அவர் படிச்ச கல்லூரியில குமாஸ்தாவா இருக்கேன். எங்க பெரிய புல்வெளிக்கு அவர் பேரை வைக்கிறதா முடிவாகியிருக்கு. உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கக் கூடாதுன்னு கல்லூரியில ஒரு விதி. அதான், ஃபைலுக்கு அந்த வருஷம் வேணும்."

'அந்த ஐயா நான்தான்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விதியைக் கேட்டதும் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

அவர் கட்டிய பாலங்கள் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் திறந்து வைத்தவர்களின் பெயர்தான் பெரிதாக இருந்தது. ஒரு பாலத்தில், ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தவரின் பெயர்கூட இருந்தது. கட்டியவர் பெயரைப் போட யாருக்கும் தோன்றவில்லை. தன் பெயரை ஒரு கல்லிலாவது பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. இதுவரை மின்சார பில்லில் பார்த்ததோடு சரி.

குமாஸ்தா படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "நீங்க அவரோட தம்பிங்களா?"

"ஆமா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தம்பிதான். அண்ணன் போய், அது ஆச்சு மூணு வருஷம்."

"அடடா. கடைசி வரைக்கும் நடமாட்டமா இருந்தாரா?"

"ரொம்ப நல்லா இருந்தார். நேத்துகூட..." என்று ஆரம்பித்தவர், ஒரு இருமு இருமி, "நேத்து நடந்த மாதிரி இருக்கு" என்று முடித்தார்.

குமாஸ்தா எழுதிக்கொண்டு, விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்த மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"மாமியாருக்கு நீங்க ஒரே பிள்ளை. இந்த அண்ணன் எப்பங்க பிறந்தார்?"

"எல்லாம் காதுல விழுந்துச்சா?"

"நல்லாவே விழுந்துச்சு. விழாவுக்கு நான் யாரா வரணும்? போனவரோட பெண்டாட்டியாவா, இருக்கிறவரோட பெண்டாட்டியாவா?"

"தம்பி பெண்டாட்டியாவே வாயேன். உனக்கும் நாலு வயசு குறையும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "விளையாட்டு இல்லைங்க. அத்தனை பேர் நடுவுல யாராவது உங்களை அடையாளம் கண்டுபிடிச்சா, கல்லையே எடுத்துடுவாங்க. மானம் கப்பலேறிடும்" என்றாள்.

"பார்த்துக்கலாம் விடு" என்றார் அவர். ஆனாலும் விழா நாள் வரை, வாசலில் யார் கூப்பிட்டாலும் மனைவியைத்தான் அனுப்பிப் பார்க்கச் சொன்னார்.

புல்வெளியைப் பார்த்ததும் அந்தப் பயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. கயிறு கட்டி ஓரம் வெட்டி, தண்ணீர் தெளித்து, பச்சைப் பசேலென்று வைத்திருந்தார்கள். அவர் படித்த காலத்தில் இது வெறும் கட்டாந்தரை. மட்டம் பார்க்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதன்முதலாக அவர் நிலம் அளந்தது இங்கேதான். திரையை விலக்கியபோது, கருங்கல்லில் அவருடைய பெயர், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

"பாவம், அண்ணன் மேல எவ்வளவு பாசம்!" என்று பின்னாலிருந்து ஒரு பேராசிரியை உச்சுக்கொட்டினார். மனைவி கணவரின் முழங்கையைக் கிள்ளினாள்.

கல்லூரி முதல்வர் பேசினார். இப்படி ஒரு மேதை இனிப் பிறக்கப்போவதில்லை என்றார். பொறியாளர் தன்னையும் மறந்து தலையாட்டினார். அப்போதுதான் இடி இறங்கியது.

"இப்போது அவருடைய தம்பி சில வார்த்தைகள் பேசுவார்."

மைக் முன்னால் போய் நின்று, அதன் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனைப் பத்தி நானே பெருமையாச் சொல்லக் கூடாது" என்று தொடங்கினார். "நல்ல மனுஷன். கட்டின பாலம் ஒண்ணுகூட ஆடினதில்லை. இன்னைக்கு அவர் இருந்திருந்தா, இதோ இந்த இடத்துலயே நின்னு சந்தோஷப்பட்டிருப்பார்."

கைதட்டல் ஓயவே இல்லை. மேடையிலிருந்து இறங்கியவரைக் குமாஸ்தா கைத்தாங்கலாகப் பிடித்து, 'குடும்பத்தார்' என்று அட்டை மாட்டியிருந்த முன்வரிசைக்கு அழைத்துப் போனார். அங்கே ஏற்கெனவே இரண்டு பெரியவர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம நூலகத்துக்கு ஒருத்தர் பேர் வச்சிருக்கோமே, இவர் அவரோட தம்பி. அந்தப் பக்கம் இருக்கிறவர், கலையரங்கத்துக்கு யார் பேரை வச்சோமோ, அவரோட தம்பி" என்று அறிமுகப்படுத்திவிட்டு, குமாஸ்தா வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

பொறியாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நூலகத்துக்காரரின் தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி அவர் காதோரம் குனிந்தார்.

"பயப்படாதீங்க சார். எனக்கும் அண்ணன் கிடையாது, அவருக்கும் கிடையாது. எங்க ரெண்டு பேரையும் சாகடிச்சது இதே குமாஸ்தாதான்!"