முப்பதாயிரத்து முப்பத்தொன்று

"என்னை இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதால் வகுத்தாலும் அதே ஒன்றுதான் மிஞ்சும். என் பெயர் 30031. ஒன்றையும் என்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் பிரிக்க முடியாத பகா எண்ணா நான்? ஆமா, இல்லையா?"

மண்டி மொஹல்லா பகுதித் தமிழ்ப் பெற்றோர் சங்கம் நடத்திய கணக்குப் போட்டியில் இதுதான் கடைசிக் கேள்வி. களத்தில் இரண்டே பேர். ஒருத்தி, கட்டட வேலைக்குப் போகும் உமாதேவியின் மகள் மனிஷா. இன்னொருவன் டேவிஸ். கேள்வியைப் படித்த டோரதி டீச்சரின் மகன்.

ஜெயிப்பவருக்கு பெங்களூரு கணித முகாமில் இடம். ஒரே ஓர் இடம். ஆறு மாதமாக மனிஷா அதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

பத்து நிமிடம் கொடுத்தார்கள். டேவிஸ் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். மனிஷா கன்னடத்தில் முணுமுணுத்தபடி சிலேட்டில் போடுவதும் அழிப்பதுமாக இருந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்ததும் இருவரும் சிலேட்டைத் தூக்கினார்கள். அவனுடையதில் 'ஆம்'. அவளுடையதில் 'இல்லை'.

டீச்சர் உறையைப் பிரித்து விடை அட்டையைப் பார்த்தார். மகனிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அவன் எழுந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னான்.

"மனிஷா, ஏன் இல்லைன்னு எழுதினே? காரணம் சொல்லும்மா."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த உமாதேவி எழுந்துவிட்டாள். காலையிலிருந்து யாரிடமும் காரணம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியிடம் குனிந்து, "பாத்தியாக்கா? பெத்த புள்ளைன்னதும் சட்டமே மாறுது" என்றாள். பாப்பாத்தி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மனிஷா கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. 59 × 509 என்று எழுதிப் பெருக்கினாள். 30031 வந்தது.

டீச்சர் செல்போனில் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டு, ஜெயித்தது மனிஷாதான் என்று அறிவித்தார்.

உமாதேவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் கேட்காமல் விட மனசில்லை. கூட்டம் கலைந்ததும் நேரே மேசைக்குப் போனாள்.

"உங்க பையன்கிட்ட மட்டும் ஏன் டீச்சர் காரணம் கேக்கல?"

டோரதி விடை அட்டையை அவளிடம் நீட்டினார். 'ஆம், பகா எண்' என்று அச்சடித்திருந்தது.

"கேள்வி போட்டவரே தப்புப் பண்ணியிருக்கார், உமா. நான் கன்னட டீச்சர், எனக்கு என்ன தெரியும்? அட்டையைப் பாத்ததும் 'நீதான்டா ஜெயிச்சே'ன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

தான் பதின்மூன்றோடு நிறுத்திவிட்டதாகவும், மனிஷா அதற்கு மேலும் வகுத்துக்கொண்டிருந்ததாகவும், அவளைக் கேட்ட பிறகு முடிவைச் சொல்லும்படியும் டேவிஸ் அம்மாவின் காதில் சொல்லியிருந்தான்.