சேகரித்தவர்

இருபத்திரண்டு. மறுபடியும் இருபத்திரண்டு.

பாசி மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். அந்தக் கோடுகளை அவர் எண்ணியது இது ஏழாவது முறை. நேற்றும் இருபத்திரண்டுதான், நாளைக்கும் அதுவாகத்தான் இருக்கும். தெரிந்துதான் எண்ணினார். எண்ணிக்கொண்டிருக்கும்வரை கணினித் திரையில் இருக்கும் அந்தக் காலி இடத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

கல்லூரியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. பாசியைத் தவிர வேறொன்றைப் பற்றி அவர் வாய் திறந்தால்தானே?

கண்ணாடித் தகட்டில் இருந்தது ஒரு டயட்டம். கண்ணாடி ஓடு போர்த்திய ஒற்றைச்செல் பாசி. படகு மாதிரி உடம்பு. ஒரு முனை மட்டும் கிளிமூக்காய் வளைந்திருக்கும். நடுவில், கொஞ்சம் தள்ளி, ஒரே ஒரு புள்ளி. இருக்கிற பட்டியலையெல்லாம் சலித்துப் பார்த்துவிட்டார். எதிலும் இல்லை.

புது இனம்.

வேறு சமயமாயிருந்தால் துறை முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். இப்போது எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மூடினார். கழுவி வைத்த குடுவையை எடுத்து இன்னொரு தடவை கழுவினார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

விவரணை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. நீளம், அகலம், கோடுகள், படங்கள். கிடைத்த இடம்: கழிமுகத்தை ஒட்டிய இறால் பண்ணை, நான்காம் குளம், உவர்நீர். எடுத்த தேதி. அதற்குக் கீழே, சேகரித்தவர்.

மூன்று நாளாகக் கர்சர் அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது.

சேகரித்தவள் வெளியே, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தையற்காரி. அவளும் மூன்று நாளாக வருகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருப்பவள் மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பாள். அதுதான் மேடத்தை இருப்புக்கொள்ளாமல் அடித்தது. வாய்விட்டுக் கேட்டாலாவது எதையாவது பதிலாகச் சொல்லித் தொலைக்கலாம்.

இந்த டயட்டத்தை மேடம் முதன்முதலில் பார்த்தது தண்ணீரில் அல்ல.

முத்திரை வைத்த உறையில் வந்த ஒரு தகட்டில். பிணமாகக் கரையில் ஒதுங்கிய ஒரு மனிதரின் தொடையெலும்பு மஜ்ஜை அது. உயிரோடு மூழ்குகிறவர் இழுக்கும் கடைசித் தண்ணீரில் இருக்கும் டயட்டம் ரத்தத்தோடு ஓடி எலும்புக்குள் போய்த் தங்கிவிடும். எந்தத் தண்ணீர் என்று மட்டும் சொல்லுங்கள் என்று போலீஸ் கேட்டிருந்தது.

கடலில் குளிக்கப் போனார் என்றுதான் அவர் வேலை பார்த்த பண்ணையில் சொன்னார்கள். கடலில் ஆறு இடம், கழிமுகத்தில் ஐந்து, வாய்க்காலில் மூன்று. பதினான்கு பாட்டில் தண்ணீரிலும் அது இல்லை. பண்ணைக்குள் மட்டும் போக முடியவில்லை. வெளியாள் வந்தால் இறாலுக்கு நோய் தொற்றிவிடும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போலீஸ் உத்தரவு வாங்க அலைந்துகொண்டிருந்தது.

பதினைந்தாவதாக ஒரு ஜாம் பாட்டில் வந்தது. நாலாம் குளத்துத் தண்ணீர் என்று சொல்லி மேஜைமேல் வைத்தாள் தையற்காரி. இறந்தவரின் மனைவி. எப்படி உள்ளே போனீர்கள் என்று மேடம் கேட்டதற்கு, என்னை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். புருஷன் வேலை பார்த்த இடம், காவலாளிக்கு முகம் தெரிந்திருக்கும் என்று மேடம் அதோடு விட்டுவிட்டார்.

அந்தப் பாட்டிலில் கொத்துக் கொத்தாக இருந்தன கிளிமூக்குகள்.

போலீஸ் உத்தரவோடு போனபோது நாலாம் குளத்தில் தண்ணீரே இல்லை. இறைத்து, வண்டலை வழித்து, சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு ஜாம் பாட்டில்தான்.

"பேரில்லாத சாட்சியைக் கோர்ட்ல எப்படி மேடம் ஏத்துறது?" என்று அதிகாரி தலையைச் சொறிந்தார். அதனால்தான் இந்தப் பெயர் சூட்டும் அவசரம்.

எங்கே, என்றைக்கு, யார் எடுத்தது. மூன்றும் வேண்டும். உள்ளூர்வாசி ஒருவர் என்று போட்டால் ஆய்விதழ் ஒத்துக்கொள்ளும், வக்கீல் விடமாட்டார். பெயரைப் போட்டாலோ, பண்ணைக்காரன் இருக்கிற அதே ஊரில்தான் இவள் நாளைக்கும் மிஷின் மிதிக்க வேண்டும்.

மேடம் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டார். ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"இது ஒரு தடவ அச்சுல ஏறிட்டா அழிக்க முடியாதும்மா. நூறு வருஷம் கழிச்சு எடுத்தாலும் உங்க பேரு இருக்கும். பண்ணைக்காரரும் பார்ப்பாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்றாள். மேடம்தான் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தார். ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

"இனிஷியல்? வீட்டுக்காரரோடதுதானே?"

"இல்ல மேடம், எங்கப்பாவோடதையே போடுங்க." விரலில் சுற்றியிருந்த நூல் பிசிறை அவள் நிதானமாகப் பிரித்து எடுத்தாள். "பண்ணை போர்டுல முதலாளின்னு இருக்கிற என் தம்பி பேருக்கு முன்னாடி அதே எழுத்துதான் இருக்கு. படிக்கிறப்ப, எடுத்தது அவன் அக்காதானான்னு அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது."