விட்ட பந்து

“ஆமை தோத்துப் போகல. தோத்துக் குடுத்தான்,” என்றார் கண்ணாடிக்காரர், க்யூ கோலின் நுனியில் சாக்கட்டி தேய்த்துக்கொண்டே.

மறுநாள் பெரிய ஸ்னூக்கர் போட்டி தொடங்குகிறது. கோப்பை யாருக்கு என்ற பேச்சு கிளப்பில் மதியத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அங்கே பட்டப்பெயர்தான். யோசித்து யோசித்து அடிப்பவர் ஆமை. மூச்சு விடுவதற்குள் மேசையைக் காலி செய்பவர் மின்னல்.

“போன ஃபைனல்ல கடைசி பிளாக் பந்து, மூலை பாக்கெட் வாயிலேயே உக்காந்திருந்துச்சு. ஊதினாலே விழும். விட்டுட்டான். யாரோ பணம் குடுத்து அவனை வாங்கிட்டாங்க.”

“பதட்டமா இருக்கலாம் சார்,” என்றார் ஸ்கோர் போடும் மார்க்கர்.

“பதட்டமாம். தினமும் நாலு பேர் கண்ணைப் பாக்கறவன்யா நான். டிவியில அவன் கண்ணைப் பாத்தேன். அது குறி பாக்கற கண்ணே இல்ல.”

மார்க்கர் பலகையைத் துடைக்கத் திரும்பினார். கண் விஷயத்தில் கண்ணாடிக்காரரிடம் யாரும் வாயைக் கொடுப்பதில்லை. கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பஸ் டிப்போ டிரைவர்களின் கண்ணைச் சோதித்துச் சான்று தருவதும் அவர்தான்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முந்தைய மாலை இரண்டு பேர், தங்களுக்குப் பிடித்த வீரர் சார்பில் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். ஜெயித்தவரின் வீரர் பெயர் பலகையில் ஏறும். போட்டி முடியும்வரை கிளப் மொத்தமும் அந்தப் பக்கம்தான். மாற்றிப் பேசக் கூடாது.

இந்த முறையும் மின்னலுக்காகக் கண்ணாடிக்காரர். ஆமைக்காக அவருடைய தங்கை கணவர், பஸ் டிரைவர்; இரவு ட்ரிப்புக்கு முன் பஸ்ஸைக் கீழே தெருவில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். வருஷா வருஷம் டிரைவர் ஜெயிப்பார். வருஷா வருஷம் கண்ணாடிக்காரர் ஒரு காரணம் சொல்வார்.

“மேல ஒரு லைட்டு போயிடுச்சு சார். நாளைக்கு மாத்திடறேன்,” என்றார் மார்க்கர்.

“கண்ணு சரியா இருந்தா இந்த வெளிச்சமே தாராளம். ஆரம்பிங்க.”

ஜன்னலில் வெயில் இருந்தவரை டிரைவர் கை ஓங்கியிருந்தது. அது மங்கியதும் ஆட்டம் ஒரு மாதிரியாகப் போயிற்று. ரெட் பந்தை அடிக்கவேண்டிய நேரத்தில், குனிந்து, குறிபார்த்து, நேராகப் போய் பிரவுனை அடித்தார்.

“ஃபவுல்,” என்றார் மார்க்கர்.

“என்ன மாப்பிள்ளை, பிரவுன் மேல திடீர்னு பாசம்?”

டிரைவர் சிரித்து மழுப்பினார். அடுத்த முறையும் பிரவுனைத்தான் அடித்தார்.

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பந்து தள்ளுகிற ஆள், பக்கத்தில் இருக்கிற ரெட்டை விடுகிறான். மச்சானை ஜெயிக்கவைத்து மனசைக் குளிரவைக்கிறானா? போன மாதம்தான் சான்று வாங்கிக்கொண்டு போனான். அடுத்து என்ன காரியம் ஆகவேண்டும்? தங்கை ஏதாவது சொல்லி அனுப்பினாளோ? கடையில் பங்கு கேட்கப் போகிறார்களோ?

சோதித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மேசையில் பிளாக் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைப் பாக்கெட்டில் போடுபவருக்கு ஆட்டம். தன் முறை வந்ததும், போடக்கூடிய பந்தை அவர் போடவில்லை. மெல்லத் தட்டி, பாக்கெட்டின் வாயில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஆடு மாப்பிள்ளை.”

டிரைவர் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார். மறுபடி குனிந்து அடித்தார். வெள்ளைப் பந்து பிளாக்கைத் தொடாமலேயே தாண்டிப் போயிற்று.

“மின்னல் பேரை எழுதிடட்டுமா சார்?” மார்க்கர் பலகை பக்கம் போனார்.

“இருய்யா.” கண்ணாடிக்காரர் க்யூவை மேசைமேல் போட்டார். “என்னை முட்டாள்னு நெனச்சியா மாப்பிள்ளை? பிச்சை போடற ஜெயிப்பு எனக்கு எதுக்கு? உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு.”

“ஒண்ணும் வேணாம் மச்சான்.”

“பின்ன, பிரவுனை எதுக்கு அடிச்சே? சும்மா நிக்கற பிளாக்கை எப்படி விட்டே?”

டிரைவர் மார்க்கரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரெட்டு எது, பிரவுன் எதுன்னு தெரியல. அந்த மூலையில பிளாக் இருக்கறதே தெரியல. வெளிச்சம் கொறஞ்சா எல்லாம் பொகை மூட்டமா இருக்கு.”

“எத்தனை நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

“கதை விடாத. போன மாசம்தான உன் கண்ணை டெஸ்ட் பண்ணி நான் சான்று குடுத்தேன்?”

“டெஸ்ட் எங்க மச்சான் பண்ணீங்க? இதைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். வாயைத் தொறக்கறதுக்குள்ள, ‘வருஷா வருஷம் என்னைத் தோக்கடிக்கிற கண்ணுக்கு டெஸ்ட் ஒரு கேடா’ன்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டீங்க. நமக்கும் பொழப்பு ஓடணுமேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.”

கீழே தெருவிலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். வண்டி நிறைந்துவிட்டதாம். டிரைவர் சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்தார்.

கண்ணாடிக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேற டிரைவர் அனுப்பச் சொல்லி டிப்போவுக்குப் போன் போடு.”

“காரணம் கேப்பாங்களே மச்சான்?”

மாலை முழுக்க அடுத்தவர் கண்ணைப் பற்றியே பேசியவர், மேசையின் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போனை எங்கிட்ட குடு,” என்றார். “தப்பாட்டம் ஆடினது நான்.”